ஆன்டெனா ஏறிய வீடு

ஒரு குடும்பம் இருளிலிருந்து ஒளிக்கு வந்த நாள் என்று வரலாறு எதையாவது குறித்து வைப்பதாக இருந்தால், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் கலியமூர்த்தி வீட்டுக் கூரைமேல் ஏழு கம்பி ஆன்டெனா ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் குறிக்க வேண்டும். தேங்காய் உடைத்தார்கள். இரும்புக் குழாய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். திருஷ்டி படாமலிருக்க உச்சியில் ஓர் எலுமிச்சம்பழமும் தொங்கியது. டி.வி.தான் இல்லை.

அது வரும். ஃபேக்டரிப் பண்டகசாலையில் பெயர் கொடுத்தாயிற்று. சீனியாரிட்டிப்படி கலியமூர்த்தி நூற்றுப் பதினேழாவது ஆள். மாதத்துக்கு மூன்று பெட்டி வருகிறது. அதாவது 1985-இல் ஆன்டெனா ஏறினால், பெட்டி 1988-இலோ அதற்குப் பிறகோ வந்து சேர்ந்துகொள்ளும்.

"பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே பந்தல் போடறதில்லையா? அந்த மாதிரிதான்" என்றார் கலியமூர்த்தி.

"பொண்ணே பாக்காம யாருங்க பந்தல் போடுவா?" என்றாள் அவர் மனைவி தாயம்மாள்.

கலியமூர்த்தி இதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. டாங்கி செய்கிற அந்த ஃபேக்டரியின் ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுக்குச் சீட்டு எழுதுகிற வேலை அவருக்கு. அவர் சீட்டு எழுதாவிட்டால் நாட்டின் எல்லையில் ஒரு டாங்கியும் நகராது என்பது அவர் கருத்து. எல்லையிலிருந்து இதுவரை மறுப்பு எதுவும் வரவில்லை.

சிக்கல் வெள்ளிக்கிழமைகளில் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் டி.வி.யில் பாட்டுப் போடுவார்கள். டி.வி. இருக்கிற வீடுகளில் எல்லாம் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார்கள். ஆன்டெனா உள்ள வீட்டில் அந்நேரம் குண்டு பல்பு எரிந்தால் என்ன மரியாதை? எனவே கலியமூர்த்தியும் விளக்கை அணைத்தார், கதவைச் சாத்தினார். ஜன்னலில் ஒளி அசைய வேண்டுமே என்று சாமிப் படத்துக்குப் போட்டிருந்த நீல ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றி வந்து ஜன்னலோரம் மாட்டினார். பத்தாவது படிக்கிற மகள் வசந்தகுமாரி அதன் முன்னால் விசிறியை ஆட்ட வேண்டும்.

"சீரா ஆட்டாத. பாட்டுன்னா விட்டு விட்டு வரும். நடுவுல விளம்பரம் வேற இருக்கு" என்று அவர் இருட்டில் உட்கார்ந்தபடி இயக்குவார்.

பாட்டுச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அடுத்த வீட்டுச் சொர்ணம் அக்காவின் டி.வி. ஒற்றைக் கல் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒருநாள் பாதிப் பாட்டில் கரண்ட் போனது. எல்லோருக்கும் முன்னால் தெருவுக்கு ஓடிவந்து, "அடடா, நல்ல கட்டத்துல போயிட்டுதே!" என்று கையை உதறியவர் கலியமூர்த்திதான்.

வசந்தாவுக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் ஆரம்பத்தில் இல்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் பெண்கள் முதல்நாள் பாட்டைப் பற்றிப் பேசும்போது காதால் கேட்டதை வைத்துக்கொண்டு சமாளித்தாள். காதுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஒருநாள் மறந்துபோனாள்.

"மலைமேலருந்து ஓடி வருவாளே, அந்தப் பாட்டு" என்றாள் ஒருத்தி.

"ஆமா, பச்சைப் புடவை கட்டிக்கிட்டு" என்றாள் வசந்தா.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். குவார்ட்டர்ஸில் இருந்த அத்தனை டி.வி.யும் கறுப்பு வெள்ளை.

"உங்க வீட்ல... கலரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ம்" என்று வந்துவிட்டது.

அந்த 'ம்' அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை ஸ்டோர்ஸில் கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "கலராமே! சொல்லவே இல்லையே சார்!" அவர் அடக்கமாகச் சிரித்து, "பொண்ணு ஆசைப்பட்டுது" என்றார். இது ஒரு வகையில் உண்மை.

கலர் டி.வி. வந்த பிறகு, அதாவது வந்ததாகச் சொல்லப்பட்ட பிறகுதான், சுசீலா கேட்க ஆரம்பித்தாள். வசந்தாவின் பெஞ்சிலேயே உட்காருகிறவள்; ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்கள் இருவரும். பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் அவள் வீடு. அவள் அப்பா வேம்புலி சின்ன வயதில் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். இப்போது ஃபேக்டரி காண்ட்ராக்டில் லோடு இறக்குகிறார். மற்ற நேரத்தில் குவார்ட்டர்ஸ் கூரைகளில் ஏறி ஆன்டெனா திருப்பிவிடுவார்.

"ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வரேன்டி. ஓரமா குந்திக்கினு பாத்துட்டுப் பூடறேன்" என்றாள் சுசீலா.

முதல் வாரம் வசந்தா வீட்டுக்கு அத்தை வந்திருந்தாள். இரண்டாம் வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் வாரம் அத்தை மறுபடி வந்தாள், அவளுக்கும் காய்ச்சல். நான்காம் வாரம் சுசீலா கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா அப்பவே சொல்லிச்சு. குவார்ட்டர்ஸ்காரங்க ஸ்கூல்ல ஒண்ணா துன்னுவாங்க, ஊட்டுக்குள்ள நம்மள வுடமாட்டாங்கன்னு. நான்தான் வசந்தா அப்டியில்லன்னு சண்டை போட்டேன்."

சொல்லிவிட்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். வசந்தா அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். "அவகிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லிடறேன்பா. சாதி பாக்கறோம்னு நினைக்கிறா."

கலியமூர்த்தி யோசித்தார். "நினைச்சா நினைச்சுக்கட்டும். டி.வி. இல்லன்னு தெரிஞ்சா மானம் போயிடும்" என்றார்.

நவம்பரில் புயல் வந்தது. நான்கு நாள் விடாத மழை. கொல்லையில் துணிக்கொடி அறுந்து விழுந்தது. தாயம்மாள் ஈரத்துணி மூட்டையோடு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். "எங்கதாங்க காயப்போடறது?" "எங்கயாவது போடு, என்னைக் கேக்காத" என்றார் கலியமூர்த்தி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை விட்டது. பள்ளிக்கூடம் இல்லை. வாசலில் ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது.

"சார்! ஆன்டெனா மல்லாந்துகினு கீது சார்!" வேம்புலியின் குரல்.

"பரவாயில்லப்பா, அப்புறமாப் பாத்துக்கலாம்" என்று கதவை விரற்கடை திறந்து சொன்னார் கலியமூர்த்தி.

"என்ன பரவாயில்ல?" என்று அடுத்த வாசலிலிருந்து சொர்ணம் அக்கா பாய்ந்தாள். "உங்க ஆன்டெனா எங்களோடது மேல சாஞ்சு எங்களுக்கும் படம் வரலை. இன்னிக்குப் பாட்டு இருக்கு. நீ ஏறு வேம்புலி!"

வேம்புலி ஏறிவிட்டார். கலியமூர்த்தி கதவைத் தாழிட்டார். மூடிய ஜன்னலுக்கு வெளியே யாரோ வந்து நின்றார்கள். கூரைமேலிருந்த அப்பாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று குரல் கொடுக்க வந்தவள் சுசீலா.

"டப்பாவப் போடச் சொல்லும்மே!" என்றார் மேலிருந்து வேம்புலி.

"டப்பாவப் போடணுமாம்" என்றாள் சுசீலா, யாரோ அந்நியரிடம் பேசுகிற குரலில்.

கலியமூர்த்தி நீல பல்பைப் போட்டார்.

"தெரிதா?"

"தெரியுதான்னு கேக்குது எங்க நைனா."

வசந்தா வாயைத் திறந்தாள். கலியமூர்த்தி அவள் காதருகே குனிந்தார். "உடனே தெரியுதுன்னு சொல்லாத, சந்தேகம் வரும். ரெண்டு தடவை இல்லைன்னு சொல்லு."

"தெரியல!"

கூரைமேல் குழாய் கிறீச்சிட்டது. "இப்போ?"

"புள்ளி புள்ளியா வருதுன்னு சொல்லு" என்றார் கலியமூர்த்தி. ஸ்டோர்ஸ் சீட்டைக்கூட அவர் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

"புள்ளி புள்ளியா..."

மேலே கால் வழுக்குகிற சத்தம் கேட்டது. காரைக் கட்டி ஒன்று ஜன்னலுக்கு வெளியே விழுந்து உடைந்தது.

"நைனா!" சுசீலாவின் அந்நியக் குரல் போய்விட்டது. "பாத்து நைனா! பாசியாக் கீது! வந்துரு, போதும்!"

"இரு இரு, கொயந்த படம் பாக்க வேணாமா?" என்றார் வேம்புலி.

வசந்தா அப்பாவை விலக்கிவிட்டு ஜன்னலருகே போனாள். "தெரியுது! நல்லாத் தெரியுது! அவரை இறங்கச் சொல்லு!"

"கலரு வருதா? கலரு வர்லன்னா இன்னும் ரவ திருப்பணும்!"

"வருது!"

"இன்னா கலரு?"

கலியமூர்த்தி இதை எதிர்பார்க்கவில்லை. அவரிடம் வசனம் இல்லை. வசந்தா நிமிர்ந்து, கூரைக் குழாயிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்த ஆன்டெனா ஒயரைப் பார்த்தாள்.

"பச்சை!" என்று கத்தினாள். இரண்டு மாதத்தில் டி.வி. சம்பந்தமாக அவள் சொன்ன முதல் உண்மை அது.

வேம்புலி இறங்கி வந்தார். கதவுக்கு வெளியே கைத்துண்டால் கையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. "சார், ஒரு தபா எட்டிப் பாத்துட்டுப் போறேன் சார். கலரு நான் பாத்ததே இல்ல."

"வேணாம் நைனா, வா. அவுங்க வுடமாட்டாங்க."

கலியமூர்த்தி கதவின்மேல் முதுகைச் சாத்தி, எல்லையைக் காக்கிறவர்போல இரண்டு கையையும் விரித்து நின்றார். வசந்தா அவர் அக்குளுக்குக் கீழே குனிந்து நுழைந்து தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"உள்ள வா சுசீலா. நீங்களும் வாங்க."

வேம்புலி காலை மிதியடியில் மூன்று முறை தேய்த்துவிட்டு வந்தார். சுசீலா வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். டி.வி.க்கென்று பூவேலை செய்த துணி போர்த்தியிருந்த டிரங்குப் பெட்டி. அதன்மேல் ஒரு தலையாட்டி பொம்மை. ஜன்னலோரம் நீல பல்பு. பக்கத்தில் விசிறி.

விசிறியை எடுத்து ஒருமுறை பல்பின் முன்னால் ஆட்டிப் பார்த்தாள்.

"இதுக்காடி?"

"ம்" என்றாள் வசந்தா.

"லூசு!" என்றாள் சுசீலா. யாரும் சொல்லாமலே பாயை இழுத்துப்போட்டு நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று வசந்தா பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாயம்மாள் காபி போட உள்ளே போனாள். கலியமூர்த்தி யார் முகத்தையும் பார்க்காமல் காலண்டரில் முகூர்த்த நாள் பார்க்க ஆரம்பித்தார். வேம்புலி மட்டும் குழம்பிப்போய் நின்றார்.

"அப்பொ பச்சை தெரியுதுன்னியே பாப்பா?"

வசந்தா மேலே காட்டினாள். ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை இழுத்துக் கட்டியிருந்த ஆன்டெனா ஒயரில், கலியமூர்த்தியின் பட்டாபட்டி அண்டர்வேர் காய்ந்துகொண்டிருந்தது. கோடு பச்சை.