தேறிய எடை

பட்டறையில் என்னை 'கிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத் தராசு, மூட்டைத் தராசு, ஆள் ஏறி நிற்கும் தராசு என்று எல்லாவற்றையும் பழுது பார்த்துச் சரிபார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஐந்து கிராம் பிசகினாலும் தராசைத் திரும்பப் பிரித்துப் போட்டுவிடுவேன். அதனால் வந்த பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனாலும் எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில் மண் விழுந்த கதை இது.

என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. மாற்றியாக வேண்டும் என்றார்கள். ஆனால் அவள் இருந்த நிலையில் கத்தி வைக்க டாக்டர் தயாராக இல்லை. "உடம்பு கொஞ்சம் தேறட்டும். நாப்பத்தஞ்சு கிலோவாவது வரட்டும், பண்ணிடலாம்" என்றார். அன்றைக்கு அவள் நாற்பத்தொரு கிலோ இருநூறு கிராம்.

கிளம்பும்போது நர்ஸம்மா ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாத்து எழுதுங்க. ஏறினா உடனே போன் பண்ணுங்க" என்றார். வெளியே எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். ஏறினால் எதற்குப் போன் பண்ண வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? ஏறினால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது.

பட்டறையிலிருந்து நல்ல தராசாக ஒன்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 'சரி' என்று அச்சடித்த எங்கள் சீட்டை அதன் நெற்றியில் ஒட்டி, தேதி போட்டேன். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே தரை சமமாக இருந்தது. அங்கே வைத்தேன்.

முதல் மாதம் தராசு எங்கள் இரண்டு பேரையும் படுத்தி எடுத்தது. ஒரு நாள் முந்நூறு கிராம் ஏறும், மறுநாள் நானூறு இறங்கும். இறங்கிய அன்று அவள் முகம் வாடிவிடும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள்.

"நேத்து வேளைக்கு ஒழுங்காத்தான சாப்பிட்டேன். அதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. உடம்பு என்ன எடைக்கல்லா, வெச்சது வெச்ச மாதிரி இருக்க? ஒரு சொம்பு தண்ணி குடிச்சா அந்த நிமிஷமே அவ்வளவு ஏறும். வேர்த்தா இறங்கும். உப்பு கூடினா தண்ணி தங்கிக்கும். தூங்கறப்ப மூச்சு விடுறோமே, அதுலயே கால் கிலோ போயிடும். ஒரு நாள் கணக்க வெச்சு அழக் கூடாது."

"மூச்சு விடுறதுல கூடவா?"

"ஆமா."

"அப்ப இனிமே விடல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்படி ஊருக்கு உபதேசம் செய்தவன் நான்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது வாரம் எண் ஏறத் தொடங்கியது. நாற்பத்தொன்று அறுநூறில் நின்றவள் ஒரு காலை நாற்பத்திரண்டு நூறு. மறுநாள் நாற்பத்திரண்டு எழுநூறு. அதற்கு மறுநாள் நாற்பத்து மூன்றரை. இறங்கவே இல்லை.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. யார் மேல்? தராசு மேல். இருபது வருஷத் தொழில் புத்தி வேறு எங்கே போகும்? ஒரே பொருளை வைத்து, எண் நாளுக்கு நாள் மேலே போனால் 'தராசு ஓடுது' என்போம். உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று மாலையே இருபது கிலோ சோதனைக் கல் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க மாடியேறினேன். ஒன்றை வைத்தேன், இருபது. இரண்டையும் வைத்தேன், நாற்பது. மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தேன். ஒரு கிராம் பிசகவில்லை.

"தராசு சரியா இருக்கு. ஏறினது நீதான்!" என்று கத்தினேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே கைதட்டினாள். அவள் தங்கைக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "அக்கா தேறிட்டா!" என்று அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அவர்கள் வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான். குண்டானாலும் தேறிட்டா, காய்ச்சல் விட்டாலும் தேறிட்டா. இரண்டுக்கும் ஒரே சொல்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணுமேங்க?" என்று அவள் நினைவுபடுத்தினாள்.

"முழுசா நாப்பத்தஞ்சு ஆகட்டும். அரையும் குறையுமா போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றேன்.

அதற்கு அடுத்த நாள் காலை அவள், "செருப்பு கடிக்குதுங்க" என்றாள்.

"காலும் தேறிடுச்சு போல" என்றேன். மதியமே கடைக்குப் போய் ஒரு அளவு பெரிய செருப்பாக வாங்கி வந்தேன். நீலப் பட்டை வைத்தது. அவள் போட்டு நடந்து காட்டினாள். இரண்டு தலையணைக்கு மூன்றாக வைத்துக்கொண்டு அவள் சாய்ந்து தூங்கியதையும் அந்த வாரம் பார்த்தேன். வசதிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற ஆரம்பித்த ஏழாவது நாள் நாற்பத்தைந்து நூறு. நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் நோட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. நான் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மேலே வரவில்லை.

"எத்தனை நாளா இப்படி ஏறுது?"

"ஏழு நாளா" என்றேன். அப்போதும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"ஏறினா போன் பண்ணச் சொன்னாங்களே? இது உடம்பு இல்லைங்க. தண்ணி. இதயம் இறைக்க முடியாம விட்ட தண்ணி கால்ல, வயித்துல, நுரையீரல்ல தேங்கி நிக்குது. முதல் ரெண்டு நாள்லயே வந்திருக்கணும்."

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். நீர் பிரிய ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். காலையில் எடை பார்த்துவிட்டு நர்ஸம்மா, "ஒன்றரை கிலோ குறைஞ்சிருக்கு, ரொம்ப நல்லது" என்பார். என் மனைவி ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்ப்பாள். நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று, நாற்பது. கடைசியில் எண் முப்பத்தெட்டு நானூறில் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாக உறைத்தது. மேலே தண்ணீர் ஏற ஏற, அடியில் அவள் இளைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் தண்ணீருக்குக் கோடு போட்டுக் கொண்டாடியிருக்கிறேன். ஆபரேஷன் பேச்சை இனி எடுக்க முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஒரு மதியம் பாத்ரூமுக்கு எழுந்தவளின் காலில் அந்த நீலப் பட்டைச் செருப்பு நிற்கவில்லை. இரண்டடி வைப்பதற்குள் கழன்றுவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டி முனையில் அடைத்தேன். என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மெல்லச் சொன்னாள்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சுங்க. செருப்பு கடிக்குது, ஆனா சட்டைக் கை தொளதொளன்னு தொங்குது. படுத்தா மூச்சு முட்டுது. தேறினா இப்படியா இருக்கும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?" மூக்குக்கு மேல் வந்தது எனக்குக் கோபம். அவள் மேல் இல்லை.

"செருப்பு கடிக்குதுன்னு சொன்னேனே. நீங்க ஓடிப்போய் இதை வாங்கிட்டு வந்தீங்க. அவ்வளவு சந்தோஷமா உங்களைப் பாத்து எத்தனை நாளாச்சு. அதுக்கு மேல எப்படிச் சொல்ல?"

நான் குனிந்தபடியே காகிதத்தைத் திணித்துக்கொண்டே இருந்தேன்.

பதினோரு நாள் கழித்துப் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த எல்லாரும் கிளம்பிய பிறகும் தங்கை மட்டும் இரண்டு நாள் இருந்தாள். அக்காவின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவள், ஜன்னலுக்குக் கீழே தராசையும் அதன் மேல் இருந்த நோட்டையும் பார்த்தாள். நோட்டைப் புரட்டி, இரண்டு கோடு போட்ட பக்கத்தில் நிறுத்தினாள். அதற்கப்புறம் பக்கங்கள் வெறுமை.

"கடைசியா எவ்வளவு மாமா இருந்தா?"

"முப்பத்தெட்டு நானூறு."

"அதுலயும் தண்ணி இருந்துச்சா?"

"இல்லம்மா" என்றேன். "அது முழுக்க அவதான்."