கூடப் பிறந்தவர்கள்

...கேட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான், ஒரே ஒரு வார்த்தை, அதில் பொய் என்றுகூட எதுவும் கிடையாது, இப்போது இல்லைதானே, இல்லாதவளை இல்லை என்று சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்... என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் மடியிலிருந்த ஃபைலை இன்னொரு முறை திறந்து பார்த்தாள். கல்லூரி அனுப்பிய அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட், மதிப்பெண் சான்றிதழ்கள், கண்ணாடிக் கடை முதலாளி கொடுத்த அனுபவக் கடிதம், மருத்துவப் பரிசோதனைத் தாள், பிறப்புச் சான்றிதழ். எல்லாம் அடுக்கியபடி அப்படியேதான் இருந்தன, காலையிலிருந்து ஏழெட்டு முறை பார்த்தாயிற்று, எங்கே ஓடிப்போய்விடப் போகின்றன. சுவரில் சிவப்பு எண் 214 என்று எரிந்தது, அவள் கையிலிருந்த சீட்டில் 231. விசா விண்ணப்ப மையம் என்று பெயர்தான் பெரிது, நீல நாற்காலிகளை ஒன்றோடொன்று இரும்புக் கம்பியில் கோத்துப் போட்டிருந்தார்கள், ஒருவர் காலை ஆட்டினால் வரிசை முழுக்க ஆடியது. பக்கத்தில் ஒரு ஆள் உதட்டை அசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான், இடது கண் லேசாக உள்ளே இழுத்திருந்தது, சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டிருந்தால் சரியாகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாலு வருஷம் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்த பழக்கம், யாரைப் பார்த்தாலும் முதலில் கண்தான் தெரிகிறது, அதற்கப்புறம்தான் ஆள். கண் மருத்துவமனையில் முறையாக வேலை பார்க்க வேண்டுமானால் மேலே படிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடு, இரண்டு வருஷப் படிப்பு, இரண்டு வருஷம் அங்கே தங்க அனுமதி, ஒன்பது வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

இந்த விசா வேண்டாம் என்றிருந்தால் அப்படி ஒருத்தி இருந்ததே தெரிந்திருக்காது, இருபத்தாறு வருஷம் தெரியாமல் இருந்த மாதிரியே இன்னொரு அறுபது வருஷமும் போயிருக்கும்... பிறப்புச் சான்றிதழ் புதிதாக எடுத்த நகலாக இருக்க வேண்டும், பழைய காகிதம் செல்லாது என்று விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஆபீஸ் அண்ணன் சொன்னதால்தானே மூன்று மாதத்துக்கு முன்னால் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அந்தக் குமாஸ்தா தலையணை கனத்துக்கு ஒரு பதிவேட்டை எடுத்து வந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டி, ஒரு வரியில் விரலை நிறுத்தினார். நிறுத்தியவர் எடுக்கவேயில்லை. "சான்றிதழ் யாருக்கும்மா?" "எனக்குத்தான் சார்." அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், மறுபடி வரியைப் பார்த்தார், மறுபடி அவளை. மேசையின் இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்தாள், கடை மேசையில் தலைகீழாகப் படித்து அவளுக்குப் பழக்கம், அப்பா பெயர், அம்மா பெயர், அவள் பெயர், அவள் பிறந்த தேதி, அதற்கு நேரே ஓரத்தில் சிவப்பு மையில் இறப்பு என்று ஒரு சொல், ஒரு தேதி, வேறொரு பதிவேட்டின் பக்க எண். முதலில் எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது. "சார், என்னைக் கொன்னுட்டீங்களே." அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பிறப்புச் சான்றிதழ்ல பிறப்பு மட்டும்தான்மா வரும். நகல் போட்டுத் தர்றேன், வாங்கிட்டுப் போ. மத்ததை வீட்ல கேளு," என்றார்.

வீட்டில் கேட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், கேட்டதும் கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பாதான் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு, கணக்கு ஒப்பிக்கிற பையன் மாதிரி. ஒரு குழந்தை இருந்தது. பதினாலு மாதம். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது இரண்டு பேராக வந்தார்கள். பதினோரு மாதம் கழித்து இவள் பிறந்தாள். அப்போது அப்பா ஊர் ஊராகப் பாலம் கட்டுகிற கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், ஆற்றங்கரையில் தகரக் கொட்டகையில் குடித்தனம், வேலையிடத்து நர்ஸ்தான் பிரசவம் பார்த்தாள், பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியபோது காலம் கடந்துவிட்டது, கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் காகிதம் கேட்டார்கள். வீட்டில் ஒரு காகிதம் இருந்தது. அதை நீட்டினார்கள். "அதுக்காக அவ பேரையேவாப்பா?" "காகிதத்துக்காக வைக்கலம்மா. அது முன்னாடியே ஆயிடுச்சு. உன்னைக் கையில வாங்கினதும் உங்கம்மா அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா. நான் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தேன். அவ வாயில வேற பேர் வரல."

217... அதற்கப்புறம் எதை நினைத்தாலும் அடியில் இன்னொருத்தி படுத்திருந்தாள். ஆல்பத்தில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிற குழந்தை, புருவத்துக்குப் பக்கத்தில் மச்சம், வளர வளர மறைந்துவிட்டது என்றுதானே சொன்னார்கள், எவ்வளவு லேசாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பிறந்த நாளிலும் புதுத் துணியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டது. எட்டரை வயதில் முதல் பல் விழுந்தபோது பல் டாக்டர், ரொம்ப லேட்டு, இருந்தாலும் பரவாயில்லை என்றது. வகுப்பில் எல்லோரையும்விட இரண்டு வயது மூத்தவள் நீதான், நீதான் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று டீச்சர் வருஷா வருஷம் இவளையே லீடராகப் போட்டது, யார் சத்தம் போட்டாலும் இவள் திட்டு வாங்கியது... ஆறு வயதுக் குழந்தை எட்டு வயது மாதிரி நடந்துகொள்ள எவ்வளவு முயற்சி செய்தது, அழுகை வந்தால் பெரிய பிள்ளை அழலாமா என்று உதட்டைக் கடித்துக்கொண்டு. யாருடைய வயதை அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள்? அம்மா தலை வாரிவிடும்போது கை சட்டென்று நின்றுவிடுமே, எதைப் பார்த்து நின்றது? இவள் முகத்தில் அந்த முகத்தைக் கண்டா, காணாமலா?

வக்கீல் ஒருவரிடமும் அப்பா விசாரித்தார். உண்மையைச் சொல்லித் திருத்தலாம், ஆனால் பள்ளிச் சான்றிதழ், பட்டம், பாஸ்போர்ட் எல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், இரண்டு வருஷமோ மூன்றோ ஆகும், அதுவரை எங்கேயும் நகர முடியாது. நகராவிட்டால் இந்த இடம் போகும், இன்னொரு முறை கிடைக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? சொல்லாமல் போய் அங்கே தெரிந்துபோனால்? ஆபீஸ் அண்ணன் இந்த விவரமெல்லாம் தெரியாமலே எல்லோருக்கும் சொல்கிற புத்திமதியை இவளுக்கும் சொன்னார், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, கேக்காததை வாயைத் தொறந்து சொல்லாதே. வாய்தான் எல்லாரையும் மாட்டி விடுது." விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, வேறு பெயரோ வேறு பிறந்த தேதியோ எப்போதாவது பயன்படுத்தியது உண்டா. இல்லை என்று குறித்தாள். அதுவும் உண்மைதானே... தன்னுடைய தேதியை அவள் ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. அதற்கடுத்த கட்டம், கூடப் பிறந்தவர்கள். அதை மட்டும் காலியாக விட்டிருந்தாள். இல்லை என்று எழுதப் பேனாவை வைத்தாள், கை ஓடவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரமாக ஓடவில்லை.

231 எரிந்தது. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள், யாருடைய எண்ணோ என்பது போல. பக்கத்து ஆள்தான், "உங்க நம்பர்தானே, போங்க," என்றான். ஐந்தாம் கவுன்டரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அதிகாரி, நாற்பத்தைந்து இருக்கும், காகிதத்தைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தாள், கிட்டத்தில் வைத்துப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயது வந்துவிட்டது, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பெயர் கேட்டாள், இவள் சொன்னாள். பிறந்த தேதி கேட்டாள். தேதி நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது, பழகிய தேதி, ஆயிரம் படிவங்களில் எழுதிய தேதி, அதைச் சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. என்ன படிக்கப் போறீங்க, எங்கே தங்குவீங்க, முடிச்சுட்டு திரும்பி வருவீங்களா... எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது.

"கூடப் பிறந்தவங்க கட்டத்தை விட்டுட்டீங்களே. யாராவது இருக்காங்களா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து. வாயைத் திறந்தாள், பதினாலு மாதம், அவ்வளவுதான் அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது, அதற்குப் பிறகு பெயர், வயது, பள்ளிக்கூடம், பட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள் இவள்தான், இப்போது ஆளே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட்டால்... "ஒரு அக்கா இருந்தாங்க," என்றது அவள் வாய்.

அக்கா என்ற சொல்லை அவள் அதுவரை உச்சரித்ததேயில்லை, அம்மாவிடம்கூட. அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது.

"இருந்தாங்கன்னா?"

"இறந்துட்டாங்க. குழந்தையாவே."

அதிகாரி தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள், நிறுத்தினாள், பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கை நீட்டிப் பிடித்தாள். "எத்தனையாவது குழந்தைங்கிற இடத்துல முதல் குழந்தைன்னு போட்டிருக்கே. நீங்கதானே மூத்தவங்க? அப்ப அக்கா எப்படி?"

தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகக்கூடக் கேட்கவில்லை, வெறுமே கேட்டாள், விரல்கள் விசைப்பலகை மேல் காத்திருந்தன. இப்போது சொல்லலாம். எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், அந்தக் காகிதத்தில் இருப்பது நான் இல்லை, நான் இரண்டாவது, என்னிடம் காகிதமே இல்லை என்று சொல்லலாம், ஃபைலை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், அப்பா தலைகுனிந்து இன்னும் மூன்று வருஷம் கோர்ட்டுக்கு நடப்பார்...

"தங்கச்சி," என்றாள். "தங்கச்சின்னு சொல்ல வந்தேன். பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

"பரவால்ல, இங்க வர்ற எல்லாருக்கும் பதட்டம்தான். பேரு?"

"பேரு வைக்கல."

"பிறந்த தேதி ஏதாவது?"

"பதியல மேடம். அதுக்குள்ள..."

"சரி, சரி." அதிகாரியின் குரல் இளகியது. தட்டினாள். திரை லேசாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது, எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்வதை அவள் பார்த்தாள். இளைய சகோதரி. பெயர் இல்லை. பிறந்த தேதி பதியப்படவில்லை. இறந்துவிட்டார். அதைப் படித்து முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது, அது முழுப் பொய் இல்லை, முக்கால்வாசி உண்மை, அந்த வீட்டில் இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தாள், அவளுக்கென்று பெயர் வைக்கவில்லை, அவளை எங்கேயும் பதியவில்லை. கடைசிச் சொல்லை மட்டும் இன்றைக்கு, இந்தக் கவுன்டரில், இவளே தன் வாயால் சேர்த்திருக்கிறாள்.

கைரேகைக்குக் கண்ணாடிப் பலகையில் விரல்களை வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் எடுக்கவில்லை. "கை சில்லுன்னு இருக்கு போல, நல்லாத் தேய்ச்சுட்டு வைங்க," என்றாள் அதிகாரி. தேய்த்தாள். இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை, மூன்றாம் தடவை எடுத்தது. ரசீதைக் கொடுத்து எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அவள் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை நிழலில் அப்பா இரண்டு ஹெல்மெட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார், அவளைப் பார்த்ததும் சாலையைக் கடக்கப் பார்த்து, ஒரு லாரிக்குப் பின்வாங்கி, அங்கேயே நின்றார். அவள்தான் கடந்து போனாள். "முடிஞ்சுதாம்மா?" "முடிஞ்சுதுப்பா. மூணு வாரத்துல சொல்வாங்களாம்." அவர் தலையாட்டினார், இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது, ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தார், விட்டார். "கூடப் பிறந்தவங்களைப் பத்தி... கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஒருத்தி இருந்தா, செத்துப் போயிட்டான்னு சொன்னேன்."

அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, பட்டப்பகலில், சாலையோரத்தில், ஜெராக்ஸ் கடைக்காரன் பார்க்கப் பார்க்க. "எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்கப்பா."

"நல்லதும்மா," என்றார், குரல் கம்மிப்போயிருந்தது. "இத்தனை வருஷத்துல அவளைப் பத்தி நாங்க, அந்த வக்கீலைத் தவிர, ஒருத்தர்கிட்டகூடச் சொன்னதில்ல. உன்னைப் பார்க்கப் பார்க்க, சொல்லக் கூடாதுன்னே ஆயிப் போச்சு. உங்கம்மாகிட்டச் சொல்றேன். அவளுக்கு ஆறுதலா இருக்கும்."

அது அவள் இல்லப்பா. நாக்கின் நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், இருபத்தாறு வருஷத்தில் அந்த முகத்தில் முதன்முதலாக ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது, அதைத் திரும்பக் கட்டிவிட மனம் வரவில்லை. வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சிக்னல் தாண்டி, பஸ் நிலையம் தாண்டி, காற்று முகத்தில் அடித்தது, மூன்று மாதமாக அவள் கேட்டது எல்லாம் அந்தக் குழந்தையைப் பற்றித்தான், எப்போது பிறந்தாள், எப்போது நடந்தாள், எந்த ஆஸ்பத்திரி, என்ன கிழமை, எல்லாம் அவர்களுக்கு மணி நிமிஷத்தோடு நினைவிருந்தது... ஆற்றங்கரைக் கொட்டகையில், பதினோரு மாதம் கழித்து, அது எந்த மாதம், எந்த நாள், அதை மட்டும் அவள் கேட்கவேயில்லை. அவர்களும் சொல்லவில்லை.

"அப்பா," என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நான் பொறந்தது என்னைக்குப்பா?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் பாதி திரும்பினார். வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது. அவர் மறுபடி சாலையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார்.