மீசை வைக்காத புலி

காரின் ஹாரன் கேட்டபோது தங்கமுத்து புலியின் முதுகில் ஒன்பதாவது வரியை இழுத்துக்கொண்டிருந்தான். எண்ணெய்க் காகிதக் கூம்பின் நுனியிலிருந்து கோகோ கலந்த ஐசிங் ஒரே சீராக இறங்க வேண்டும். கை சற்றே தயங்கினாலும் வரி மண்புழுவாகிவிடும். ஹாரன் மறுபடியும் அடித்தது. நாயுடுபுரத்தின் அந்தச் சந்து முனைக்குக் கார் வருவதே அபூர்வம். யார் வீட்டு ஹாரன் என்று அவனுக்குத் தெரியும்.

"லீவு நாள்லகூட விடமாட்டா போலிருக்கே" என்று பல்லைக் கடித்தான்.

அறுபத்தொன்றாம் வருஷத்து மே மாத ஞாயிற்றுக்கிழமை அது. அவன் மகள் லீலாவுக்கு அன்றோடு ஐந்து வயது முடிகிறது. அவன் சமையல் வேலை பார்க்கும் பங்களாவின் எஜமானி சண்முகவள்ளி அம்மாளிடம் ஒரு மாதத்துக்கு முன்பே அந்த நாளுக்கு லீவு கேட்டு வைத்திருந்தான். மதுரையில் நூற்பாலை வைத்திருக்கிற குடும்பம். வெயில் காலம் முழுக்கக் கொடைக்கானலில்தான் இருக்கும். "போயிட்டு வா" என்று அந்த அம்மாளும் சொல்லியிருந்தாள். பிறகு வியாழக்கிழமை வந்த பேரனின் பிறந்த நாளை, விருந்தாளிகளின் வசதிக்காக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள். தங்கமுத்து வாய் திறக்குமுன் அவளே முந்திக்கொண்டாள்.

"நீ போடா. கேக்கை நானே போட்டுக்கிறேன். மதுரையில நான் போடாத கேக்கா?"

"அதுக்கில்லேம்மா. இந்த ஒசரத்துல பேக்கிங் பவுடரைப் பாதியாக் குறைக்கணும். கீழ போடுற அளவு இங்க போட்டா, உப்பி வந்து நடுவுல உக்காந்துரும்."

"எனக்கே பாடம் சொல்றியா?"

அன்று இரவு வீட்டில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டினான். "எனக்கே பாடம் சொல்றியா?" மனைவி குப்பம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. லீலா இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். மகளுக்காக அவன் நடித்துக் காட்டுவது இரண்டே பேரைத்தான். ஒன்று பங்களா அம்மாள். இன்னொன்று, கூக்கால் காட்டில் கிழங்கு என்று நினைத்துக் கல்லைக் கடித்துப் பல்லெல்லாம் போன பொக்கைவாய்ப் புலியப்பன். கடிக்க முடியாததால் கூழும் களியும் கேட்டு வீடு வீடாக வந்து கதவைத் தட்டும் புலி அது. பிறந்த நாளுக்கு என்ன கேக் வேண்டும் என்று கேட்டபோது லீலா யோசிக்கவே இல்லை.

"புலியப்பன்தான். மீசை இருக்கணும். பல்லு இருக்கக் கூடாது."

மூன்று நாளாக அதுதான் சோலி. சர்க்கரையை உரலில் இடித்து, வேட்டித் துணியில் சலித்தான். கேரட்டைத் துருவிப் பிழிந்து புலிக்கு நிறம் எடுத்தான். இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடியின் மேல் கங்கு போட்டு, இரண்டு வட்டும் ஒரு நீளமுமாகச் சுட்டு எடுத்தான். வட்டு இரண்டையும் அடுக்கித் தலைக்கு, நீளம் உடம்புக்கு. ஒன்றுகூட உட்காரவில்லை. மீசைக்குச் சேமியாக் குச்சிகளைச் சிவக்க வறுத்துத் தனியே ஒரு தட்டில் வைத்திருந்தான். மீசையைக் கடைசியில், தெருப்பிள்ளைகள் நாலு மணிக்கு வந்த பிறகு, லீலாவே தன் கையால் குத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பதினாறு வருஷம் வெள்ளைக்காரர் வீட்டிலும் பிறகு இவர்கள் வீட்டிலும் யார் யார் பிள்ளைகளின் பெயரையோ ஐசிங்கில் எழுதிய கை. 'லீலா' என்று அது எழுதியது அன்றைக்குத்தான்.

டிரைவர் நல்லுசாமி குனிந்து உள்ளே வந்தான். கையில் ஒரு பிஸ்கட் டின். கேக்கைப் பார்த்ததும் வந்த காரியம் மறந்து நின்றான்.

"அடேயப்பா! தங்கமுத்தண்ணே, இது கண்ணை உருட்டுதுண்ணே."

"வந்த விஷயத்தச் சொல்லு."

நல்லுசாமி டின்னைக் கீழே வைத்தான். "அம்மா போட்ட கேக்கு உக்காந்துருச்சுண்ணே. நடுவுல ஒரு கிணறு கெடக்கு. நாலரைக்குக் கலெக்டராபீஸ்காரங்க எல்லாம் வர்றாங்க. நீங்க சமையக்கட்டுல காகிதத்துல புலி வரைஞ்சீங்களாமே, சின்னவரு பாத்திருக்காரு. இப்ப புலி கேக்குதான் வேணும்னு தரையில உருளுறாரு. அதான்... இதை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. பேரை மட்டும் மாத்தி எழுதிக் குடுப்பீங்களாம். பாப்பாவுக்கு இந்த பிஸ்கட்டு."

தங்கமுத்துவின் காதுமடல் சுட்டது. ஆனாலும் குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினான்.

"அஞ்சு நிமிஷம் இரு. நான் கூட வர்றேன். அந்தக் கிணத்தைக் குளமாக்கி, ரெண்டு வாத்தை மிதக்க விட்டுத் தர்றேன். ஒரு மணி நேர வேலை."

"அதையும் நான் சொல்லிப் பாத்துட்டேண்ணே. 'அவன் புள்ளைக்குப் புலி, எம் பேரனுக்கு வாத்தா?'ன்னு கேக்குறாங்க. வெறுங்கையோட வந்தா என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

குப்பம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "குடுத்துருங்க" என்றாள் மெல்ல. "பாப்பாவுக்கு நாளைக்கு இன்னொண்ணு போட்டுக்கலாம். அவளுக்கு இன்னிக்கென்ன, நாளைக்கென்ன."

"அவளுக்குத்தாண்டி இன்னிக்கு. அந்தப் பையனுக்கு வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சு."

"வேலை போச்சுன்னா இந்தக் குளிருல யாரு வாசல்ல போயி நிப்பீங்க? சீசன் முடியப் போவுது. எந்த பங்களாவுல ஆளு எடுப்பாங்க?"

கேள்வி நியாயமானது, அதுதான் அவன் கோபத்தை இன்னும் ஏற்றியது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட குப்பம்மாள் வெள்ளைத் துணியை எடுத்துப் பலகையின் மேல் விரித்தாள். துணியின் ஓரம் புலியின் காதைத் தொட்டது. நல்லுசாமி பலகையைத் தூக்கக் குனிந்தான். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த லீலா, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல், மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"கையை எடுடா!"

தங்கமுத்து துணியை உருவி எறிந்தான். "லீலா, இங்க வா. இதைக் கடி."

"என்னப்பா?"

"மூக்கைக் கடி. வாயை வச்சுக் கடி. வெரசா!"

நல்லுசாமிக்குப் புரிந்துவிட்டது. குப்பம்மாளுக்கும் புரிந்து, "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். பிள்ளை வாய் வைத்து எச்சிலாக்கிய பண்டத்தைச் சண்முகவள்ளி அம்மாள் கலெக்டர் ஆபீஸ்காரர்களின் முன்னால் வைக்க முடியாது. காக்கை கொத்திய பழத்துக்கே பங்களாவில் அவள் போடுகிற கூச்சல் எல்லாருக்கும் தெரியும்.

லீலா பின்வாங்கினாள். "இன்னும் மீசை வைக்கலியேப்பா. எல்லாரும் வரட்டும்."

"கடிங்கிறேன்ல!"

"நாலு மணிக்குன்னு நீதான சொன்னே..."

"சொன்னதச் செய்யி! எனக்கே எதிர்த்துப் பேசுறியா?"

சந்தில் நடந்துபோன யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். லீலா முன்னால் வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு புலியின் மூக்கில் வாய் வைத்துக் கடித்தாள். ஒரு கடி போதாதோ என்னவோ என்று அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, இன்னொரு கடி கடித்தாள். உதட்டிலும் மோவாயிலும் கேரட் நிறம் அப்பியிருந்தது. மென்றுகொண்டே அழுதாள்.

"போ" என்றான் தங்கமுத்து. "எச்சில் பட்டுருச்சுன்னு போய்ச் சொல்லு. அந்த டின்னையும் எடுத்துட்டுப் போ."

நல்லுசாமி குனிந்து புலியின் இடது காதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "கேட்டா, நான் கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணணும்ல. வாயாலயும் பாத்துக்கிட்டேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் போனான். கார் பின்பக்கமாகவே சந்து முனையிலிருந்து உறுமி விலகுவது கேட்டது.

குப்பம்மாள் அவன் எறிந்த துணியை எடுத்து உதறி, நான்காக மடித்து, மறுபடியும் உதறினாள். நாளைக் காலை வெள்ளனே பங்களாவிலிருந்து ஆள் வரும், கணக்குத் தீர்த்துவிடுவார்கள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான், சின்னவளுக்குத்தான் தெரியாது.

"ஜெயிச்சாச்சு" என்று தங்கமுத்து தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அந்த வார்த்தை ஒட்டவில்லை. சேமியாத் தட்டை எடுத்துக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்த லீலாவின் பக்கம் திரும்பினான்.

"வா கண்ணு. மீசை வைப்போம்."

"மூக்கே இல்ல. மீசைய எங்க வைப்பே?"

"புது மூக்கு பண்ணுவோம். அப்பா பண்ணித் தர்றேன்."

லீலா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"நீ பங்களா அம்மா மாதிரி கத்துனே."

"சும்மா நடிச்சேன் பாப்பா. வழக்கமா நடிப்பேன்ல?"

"முக்காடு போடலையே" என்றாள் லீலா.

தங்கமுத்து பலகையின் முன்னால் உட்கார்ந்து, மிஞ்சிய கேக்குத் துண்டைப் பிசைந்து உருட்டி, கடிபட்ட பள்ளத்தில் வைத்து அழுத்தினான். அதன்மேல் பூசக் கூம்பை எடுத்தான். பதினாறு வருஷத்தில் ஒருநாளும் பிசகாத கை அது. கோகோ வரி வளைந்து நெளிந்து மண்புழுவாகப் புலியின் முகத்தில் இறங்கியது. கோபம் இன்னும் அடங்கவில்லை. பங்களா அம்மாளோடு அது நிற்காமல் தன்மேலும் திரும்பியிருந்தது. வரியை விரலால் வழித்தெறிந்துவிட்டு மறுபடியும் இழுத்தான். நாலு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கட்டிலுக்குப் பின்னாலிருந்து லீலா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரவில்லை.