பிந்திக் கேட்ட துட்டி

குற்றாலத்தில் மறுபடியும் குளிக்க விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் தென்காசிச் சனம் எண்ணெய்ப் பாட்டிலும் துண்டுமாகக் கிளம்பிவிட்டது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அருவி. உமாராணிக்கு மட்டும் அந்தச் செய்தி பிடிக்கவில்லை. பஸ் ஓடுகிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, சினிமாக் கொட்டகையில் விசில் சத்தம் கேட்கிறது, இப்போது அருவியும் திறந்தாயிற்று. சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய்க் கூட்டாளி இராமலட்சுமியிடம் அவள் அம்மாவுக்குத் துட்டி கேட்காமல் இருப்பதற்கு இனிமேல் ஒரு சாக்கும் மிச்சமில்லை.

அந்த அம்மா போய்ச் சேர்ந்தது ஆனி மாதம். இப்போது மார்கழி. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் போய் உட்கார்ந்து, கட்டிப்பிடித்து அழுது, துட்டி கேட்டுவிட்டு வந்த பிறகுதான் அந்த வீட்டாரோடு மற்றப் பேச்சு. அதுவரைக்கும் கடைவீதியில் எதிரே பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்க முடியாது. போனில் கேட்டால் அது கேட்டதாகக் கணக்கில் வராது. உமாராணி போனில்தான் கேட்கப் பார்த்தாள். இராமலட்சுமி எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நாலு வரி எழுதினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அதோடு சரி.

காலேஜில் மூன்று வருசம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். உமாராணி கீழப்பாவூர். அம்மா பீடி சுற்றி, அப்பா பரமசிவன் கிரஷரில் கல் உடைத்து, அந்த வீட்டில் முதல் முதலாக டிகிரி வாங்கினவள். இராமலட்சுமி வயலும் தோப்பும் உள்ள மாமா வீட்டில் அம்மாவோடு வளர்ந்த பிள்ளை. அவள் அம்மா தினமும் இரண்டு டப்பா கட்டிக் கொடுத்து, ஒன்று அந்த ஒல்லிப் பிள்ளைக்கு என்று சொல்லி விடுவாள். அந்த ஒல்லிப் பிள்ளைதான் துட்டிக்கு வரவில்லை.

எல்லாம் சாரல் விழுந்த அன்றைக்கு ஆரம்பித்தது. கொரோனா இரண்டாவது அலை, ஊரடங்கு, குற்றாலம் போகிற வழியெல்லாம் போலீஸ் தடுப்பு. வருசா வருசம் சீசன் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் நாலு பேரும் ஐந்தருவிக்குப் போய்விடுவார்கள். ஈரத் தலையோடு ரம்புட்டான் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே திரும்பி வருவார்கள். இந்த வருசம் அருவி இல்லையென்றால் என்ன, எங்க மாமா தோப்புக்குள்ள வாய்க்கால்ல அதே தண்ணிதான் வருது, ஒரு குருவிக்கும் தெரியாது, வந்துருங்கட்டி என்று இராமலட்சுமி எல்லோருக்கும் போன் போட்டாள். வெளி ஆள் யாரும் இல்லை, நாம நாலு பேர்தானே என்றாள்.

இந்த ‘நாம நாலு பேர்தானே’யைக் கேட்டுக் கேட்டு உமாராணிக்கு வெறுத்துப் போயிருந்தது. தென்காசியில் ஒரு தனியார் லேபில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து பிளாஸ்டிக் அங்கிக்குள் வெந்துகொண்டு மூக்கு மூக்காகக் குச்சி விடுகிற வேலை. வந்தவர்களில் பாதிப் பேர் வெளியாளோடு பழகவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். மச்சினன் வந்தான், பக்கத்து வீட்டில் சீட்டு விளையாடினோம், சேக்காளிக்குக் குழந்தை பிறந்தது பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான் என்றார்கள். தெரிந்த ஆளிடமிருந்து நோய் வராது என்று ஊரே நம்பியது. படித்தவனும் அப்படித்தான், படிக்காதவனும் அப்படித்தான்.

வீட்டில் பரமசிவனுக்கு நெஞ்சு முழுக்கக் கல்தூசி. பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு வந்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லத் தேவையில்லை, எக்ஸ்ரேயைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். ஊரிலேயே அவருக்கு ஆபத்தான ஆள் தான்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே வீட்டுக்கு வெளியே விறகு போட்டிருந்த கொட்டகையை ஒதுக்கி அங்கே படுத்தாள். தனித் தட்டு, தனிச் செம்பு. மழை பெய்தால் கூரை ஒழுகும், பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு ராத்திரி கழிந்த காலையில்தான் இராமலட்சுமியின் போன் வந்தது. வர மாட்டேன், நீங்களும் போகாதீங்க என்பதோடு உமாராணி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“நீங்க ஆட்டம் போட்டுட்டு வந்து வீட்டுல யாராவது செத்தா, அது உன் தலையிலதான் விடியும், பாத்துக்க.”

ரொம்பத்தான் படிச்சிட்ட, வெளங்காத மூதி, நீ அந்தக் கொட்டகையிலேயே கிட என்று சொல்லி இராமலட்சுமி போனை வைத்துவிட்டாள். மூன்று பேர் மட்டும் போனார்கள். வாய்க்காலில் கழுத்து மட்டும் தெரிய மூன்று தலைகள் சிரிக்கிற படம் குரூப்பில் வந்தது. உமாராணி அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் இராமலட்சுமி அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு அலைந்து, கிடைத்த படுக்கையில் இரண்டு ராத்திரி இருந்து, பொட்டலமாகக் கட்டின உடம்பு நேரே சுடுகாட்டுக்குப் போயிற்று. முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆனாலும் துட்டிக்கு ஊர் திரண்டு வந்தது. கூட்டாளிகள் இரண்டு பேரும் போய்க் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்கள். போகலியாட்டி என்று பரமசிவன் மகளிடம் ஒரு தடவை கேட்டார். எப்படிப் போக என்று அவள் எரிந்து விழுந்தாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவள் போகாததற்குக் காரணம் அப்பாதான். ஆனால் போனில் சொன்ன அந்த ஒரு வாக்கியமும் வாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தது. கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகும் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று தள்ளிக்கொண்டே வந்ததற்கு அதுதான் காரணம். இன்றைக்குப் போனால் ஒன்று இராமலட்சுமி திரும்பக் கிடைப்பாள், இல்லையென்றால் அவ்வளவுதான். இரண்டில் ஒன்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள். அலுப்பாக இருந்தது. இந்த இரண்டு வருசமாக எதற்கெடுத்தாலும் அலுப்பு.

வீட்டில் இராமலட்சுமியும், மாமாவின் பெண்சாதியான அத்தை சங்கரம்மாளும் இருந்தார்கள். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உமாராணியைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்.”

உமாராணி கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். இராமலட்சுமி வந்து எதிரே உட்கார்ந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். இனி கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். அவள் அம்மாவெல்லாம் துட்டி வீட்டுத் தெருமுனையிலேயே குரல் எடுத்துவிடுவாள். உமாராணிக்கு அது வராது. கை நீண்டது, பாதியில் நின்றது. கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. புடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“அழுகை வரலன்னா விடு. நடிக்காண்டாம்” என்றாள் இராமலட்சுமி.

“அன்னைக்கு நான் போன்ல சொன்னது...”

“அதத் திருப்பி எடுக்க வந்திருக்கியன்னா இப்பமே எந்திச்சுப் போயிரு.” அவள் குரலில் கோபம் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. “வந்த அம்புட்டுப் பேரும் விதிங்காங்க. சொல்லி வச்ச மாதிரி, உன்னால இல்லட்டிங்காங்க. நான் யார்ட்டயும் கேக்கவே இல்ல. உன்ட்டத்தான் கேக்கேன். எங்கம்ம என்னாலதான் செத்தாளா?”

பொய் சொல்லிவிடலாம். இந்த இடத்தில் எல்லோரும் சொல்கிற பொய்தான், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

“தோப்புக்குப் போனது தப்பு” என்றாள் உமாராணி. “இன்னைக்குக் கேட்டாலும் தப்புதான். ஆனா அம்மைக்கு அதுலதான் வந்துதுன்னு எனக்குத் தெரியாது. உங்க மாமா அந்த நாள்ல தெனமும் சந்தைக்குப் போயிட்டு வந்தாங்க. நீங்க மூணு பேரும் டெஸ்ட் எடுக்கல. எங்கேருந்து வந்துதுன்னு இனி ஒருத்தராலயும் சொல்ல முடியாது. எல்லாம் தெரிஞ்ச மாதிரி அன்னைக்கு நான் சொன்னேன் பாரு, அது வாய்க்கொழுப்பு.”

இராமலட்சுமி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். இல்லையென்று சொல்வாள் என்று அவளும் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்தது அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

“தெரியாதுங்கியா?”

“தெரியாது.”

“நல்லது” என்றாள் இராமலட்சுமி. “நீ ஒருத்தியாவது தெரியாதுன்னு சொன்னியே.” பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “அது கெடக்கட்டும். துட்டிக்கு ஏன் வரல?”

“எங்கய்யாவுக்கு நெஞ்சு அப்படி இருக்கு. நான் இங்க நாலு பேரக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு அங்க போயி...”

“உங்கய்யா வந்தாங்களே.”

உமாராணிக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என்று இராமலட்சுமி சொன்னாள். துண்டால் மூஞ்சியைச் சுற்றிக்கொண்டு, எதிர்த்தாற்போல் வேம்படியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாராம். இருமி இருமி நின்றாராம். அண்ணாச்சி உள்ளே வாங்க என்று மாமா எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லையாம். எம்மவ லேப் வேலையில மாட்டிக்கிட்டா தாயி, அவளுக்குப் பதிலா நான் கேட்டுட்டுப் போறேன் என்று சொன்னவர், வெளியே இறங்கி வந்த இராமலட்சுமியின் தலையில் கை வைத்து ரொம்ப நேரம் அழுதாராம். வீட்டுப்படி ஏறாதவருக்கு அது எப்படித் தோன்றியதோ, மூஞ்சியைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத்தான் கண்ணைத் துடைத்தாராம்.

உமாராணிக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. பம்புசெட்டில் குளித்தேன் என்று ஈரத் தலையோடு வந்து நின்றார். துட்டிக்குப் போனால் குளித்துவிட்டுத்தான் வீடு நுழைய வேண்டும். மனுசன் முறை தவறாமல் பம்புசெட்டில் முங்கி, ஒட்டினதெல்லாம் தண்ணீரோடு போயிற்று என்று நம்பி, மகளிடம் மூச்சு விடாமல் சோறு தின்று படுத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. எதனால் ஆகவில்லை என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. அவள் தனித் தட்டும் தனிச் செம்புமாகக் கிடந்தது, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கரைத்துக் கை தோல் உரிந்தது, கூட்டாளியை ஆறு மாதம் தொலைத்தது எல்லாம் எந்த ஆளுக்காகவோ, அந்த ஆள் நெஞ்சு இளைக்க இளைக்கச் சைக்கிள் மிதித்து வந்து, மூஞ்சியைத் திறந்துகொண்டு அழுதுவிட்டுப் போயிருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. துட்டி வீட்டில் சிரிக்கிறவளை அத்தை எட்டிப் பார்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று உமாராணிக்கே தெரியவில்லை. இராமலட்சுமி நகர்ந்து வந்து அவள் தோளில் பாரமாகச் சாய்ந்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். ஒப்பாரி என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

“உங்கய்யாவுக்கு ஏதும் ஆயிருந்தா என்னை என்ன சொல்லியிருப்ப?” என்று இராமலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“உன்மேலதான் பழி போட்டிருப்பேன்.”

“போட்டிருப்ப. உனக்கென்ன.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மறுபடியும் வருதாம்லா. புதுசா என்னமோ பேரு சொல்லுதான் டிவியில” என்றாள்.

“வருது. லேப்ல ஆர்டர் போட்டாச்சு.”

“அப்பவும் வர மாட்டியோ?”

“மாட்டேன்.”

“நான் செத்தாலும்?”

“நீ செத்தாலும் வர மாட்டேன், மூதி. மொதல்ல நீ தோப்பு தோப்புன்னு அலையாம வீட்டுல கெட.”

இராமலட்சுமி சிரிக்கவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவளும் களைத்துப்போயிருந்தாள்.

துட்டி வீட்டிலிருந்து போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. உமாராணி பேசாமல் எழுந்து செருப்பை மாட்டினாள். இராமலட்சுமியும் செருப்பைத் தேடினாள். துட்டி கேக்க வந்தவள வழியனுப்புத வழக்கம் எங்கனட்டி உண்டு என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டாள். அவ கேட்டு முடிச்சாச்சு அத்தை என்று இராமலட்சுமி நடையிலிருந்தே பதில் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உமாராணி மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டாள். இராமலட்சுமி தன்னுடையதைத் தாடையில் இறக்கி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை, அத்தை எல்லாவற்றிலும் உப்பை அள்ளிப் போடுகிறாள், மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியில் தூக்கம் கிடையாது. மாஸ்க்கை மேலே ஏத்து என்று உமாராணி நடுவில் ஒரு தடவை சொன்னாள். இராமலட்சுமி ஏற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கீழப்பாவூர் பஸ் வந்து நின்று, கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிப் பார்த்துவிட்டுப் போனான். உமாராணி எழுந்திருக்கவில்லை.