தெரு சொன்ன உண்மை

என் கணவர் இருதயராஜ் அம்பத்தூர் ரயில்வே கேட்டில் மழையில் வழுக்கி விழுந்து, வந்த ரயிலில் அடிபட்டு இறந்தார். அவருக்குக் குடை பிடித்து நடந்தவள் நான். மேனாம்பேட்டில் எங்கள் தெருவை ஆராய வந்த கல்லூரி விரிவுரையாளர் கிருபாகரனிடம் இதைத் தெளிவாகக் கூறினேன். அவர் எழுதிய நூலோ, என் கணவர் ரயில் முன் பாய்ந்தார் என்றது. பெயரை மாற்றியிருந்தார், தெருவுக்கு ஆள் தெரியாதா? கல்லறைத் திருநாளன்று என்னோடு நிற்க வேண்டிய பெண்கள், தற்கொலை செய்தவரின் கல்லறை என்று மெழுகுவர்த்திகளுடன் விலகி நின்றார்கள்.

கிருபாகரனிடமே நேரில் கேட்டேன்.

"என்ன நடந்ததுன்னு நான் தேடல, டீச்சர். இந்தத் தெரு அதை எப்படிப் புரிஞ்சுக்கிச்சுன்னுதான் எழுதினேன். சமூக ஆய்வுல உண்மைங்கிறது ஒண்ணே ஒண்ணு இல்ல. ஜனங்க சேர்ந்து உருவாக்குறது."

"பக்கத்துல நின்னு பார்த்தவ நான்."

"அது உங்க கோணம்."

அன்றே முடிவு செய்தேன். அவரையும் இந்தத் தெருவே உருவாக்கட்டும்.

'பாய்ந்தார்' என்று அவரிடம் சொன்னவர் எதிர்வீட்டு அஞ்சலை. "ஏதோ வாயில வந்தத சொல்லிட்டேன், டீச்சரம்மா. அச்சடிச்சுட்டானே பாவி!" என்று அழுதார். அழுகை எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டதைச் சொன்னேன்.

ஓராண்டு காத்திருந்தோம். ஆய்வாளர்களை மக்கள் எவ்வாறு பார்க்கிறார்கள் என்று அறிய ஸ்டெஃபி என்ற மாணவி வந்தாள்.

"கிருபாகரன் சாரா? நல்லா சரக்கு ஏத்திகினுதான் வருவாரு," என்றார் அஞ்சலை. "பக்கத்துல குந்தவே முடியாது."

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளும் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க ஊட்டு ஆம்பளையே தேவலாம்னு நெனச்சேன்னா பாத்துக்கோயேன்!"

கேட்ட வீடெல்லாம் ஒரே பதில். புதிதாக எதுவும் வராவிட்டால் கேள்வியை நிறுத்திவிடலாம் என்பது அவர்கள் துறையின் விதியாம். என் வீட்டை மட்டும் மறுநாளைக்கு வைத்துவிட்டு, ஸ்டெஃபி கிருபாகரனை அழைத்து விளக்கம் கேட்டிருக்கிறாள்.

மாலையில் அவர் வியர்த்தபடி வந்து நின்றார்.

"டீச்சர், நான் குடிக்கிறதே இல்ல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இது கட்டுரையா வந்தா என் வேலை போயிடும். நீங்க சொன்னா அந்தப் பொண்ணு நம்பும்."

"அடுத்த பதிப்புல, என் கணவர் வழுக்கி விழுந்தார்னு எழுதுங்க. சொல்றேன்."

அவர் முகம் தெளிந்தது. பிறகு சற்று யோசித்தார். அந்த நெருக்கடியிலும் படித்த படிப்பு அவரை விடவில்லை.

"'வழுக்கி விழுந்ததாக மனைவி நம்புகிறார்'னு போட்டுடறேன், டீச்சர். அதுதான் முறை."

நான் மறுக்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் ஸ்டெஃபி பதிவு செய்வதற்காகக் கைபேசியை என் முன் வைத்தாள். "கிருபாகரன் சார் இங்க குடிச்சிட்டு வருவாரா, டீச்சர்?"

"குடிக்கலைன்னு அவர் நம்புறார்மா," என்றேன். "அப்படியே போட்டுக்கோ."