உப்புப் பார்க்க ஆளில்லை

நோன்புக் கஞ்சி கொதித்து வந்த நேரத்தில்தான் ஷம்ஷாதுக்கு அது உறைத்தது. உப்பை யார் பார்ப்பது? அவளுக்கும் நோன்பு, கோழிக்கடை வைத்திருக்கும் கணவன் ரியாசுக்கும் நோன்பு. போன வருஷம் வேலூரில், மாமியார் வீட்டில், பயத்தில் மூன்று தடவை உப்பைப் போட்டுத் தொலைத்தாள். "கடல்லேர்ந்து மொண்டாந்தியா?" என்று மாமியார் மைமூன் கேட்டதில் நாத்தனார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் உப்புக்காரி. கல்யாணப் பந்தியில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதே மாமியார் இன்று மகள்களோடு ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூரில் இவள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிறார். இன்றும் கரித்தால் அந்தப் பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

பின்பக்கமாக ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுச் செல்லியைக் கையோடு இழுத்து வந்தாள்.

"அக்கா, ஒரு வாய் உப்பு பாரு."

செல்லி கரண்டியை வாங்காமல் நெளிந்தாள்.

"நானும் இன்னிக்கு ஒண்ணும் துன்னலடி. நீ பச்சத்தண்ணி இல்லாம கெடக்கறப்ப எனுக்கு எறங்கல. உங்கூடவே இருக்கலாம்னு இருந்துட்டேன்."

"அடிப்பாவி! இன்னிக்குத்தானா?"

"இம்மா நேரம் இருந்துட்டு உப்புக்கோசரம் உடுவனா? நீயே நாக்குல வச்சித் துப்பிடேன்."

அப்படிச் செய்யலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஷம்ஷாதுக்கு மனசு ஒப்பவில்லை. செல்லி வீட்டு ஆட்களெல்லாம் புளி உலுக்கப் போயிருந்தார்கள். அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. என்ன பெரிய உப்பு! கைநிறைய அள்ளினாள், பாதியைத் திரும்ப ஜாடியில் கொட்டினாள், மிச்சத்தை ஒரே தடவையாகப் போட்டு மூடினாள். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கை பரபரத்தது. "போதும், சும்மா இரு!" என்று கையையே அதட்டினாள்.

போனில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு மாமியார் கஞ்சியை உறிஞ்சினார். நாத்தனார்கள் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு அம்மா முகத்தையே பார்த்தார்கள். மாமியார் டம்ளரைக் காலி செய்து, வாயைத் துடைத்தார்.

"யாரு உப்பு பாத்தது?"

"யாரும் பாக்கல மாமி. நானேதான் போட்டேன்."

மாமியார் டம்ளரை நீட்டினார். "ஊத்து."

ஷம்ஷாத் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. நாத்தனார்கள் பக்கம் திரும்பி, "இன்னா, உப்புக்காரி கஞ்சி வேணுமா, வேணாமா?" என்றாள். இரண்டு டம்ளர்கள் முன்னே வந்தன.

அடுத்த சுற்றுக்குக் கஞ்சி இல்லை. மாமியார் யாரையும் கேட்காமல் எழுந்து போய், கஞ்சித் தேக்சாவைச் சாய்த்துப் பிடித்துக் கரண்டியால் அடியைச் சுரண்ட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் செல்லி டம்ளரோடு நின்றாள்.