தோசிந்தாவின் உளிச் சத்தம்

தோசிந்தா உளியை அடித்தால் சத்தம் வராது. கருங்கல் உடையும், பொடி பறக்கும், பொறிகூடத் தெறிக்கும். ஓசை மட்டும் இருக்காது. கணவன் எவாரிஸ்தோ ஹவானாவுக்குக் கப்பலேறிய மறுநாளிலிருந்து, 1858 முதல், இப்படித்தான். ஸ்பெயினில், கலீசியாவின் அந்த மழைக்கரை ஊரில் ஆண்களில் பாதிப்பேர் கியூபாவில் இருந்ததால், ஒரு பெண் கல்வேலை செய்வதை யாரும் தடுக்கவில்லை. சத்தமில்லாமல் செய்ததால் நல்லவள் என்றும் சொன்னார்கள். முச்சந்திச் சிலுவைகளின் உச்சியில், இறந்த மகனை மடியில் கிடத்திய மாதாவைச் செதுக்கி, அடியில் கல்தச்சனான கணவனின் தொழில்குறியைப் பொறித்தாள். அவன் திரும்பும்வரை அவன் பெயர் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

சில வருஷம் கழித்து ஹவானாவிலிருந்து ஊர் திரும்பிய ஃபர்ருக்கோ, பட்டறை வாசலில் நின்று அவள் கையையே பார்த்தான்.

"அட, நீதானா அது? ஹவானால உன் புருஷன் வீட்டுச் சுவத்துக்குள்ள உளிச் சத்தம் கேக்குது தோசிந்தா. இங்க விடிஞ்சா அங்க நடுராத்திரி. தெருவே பழகிடுச்சு."

"அவரு என்ன சொல்றாரு?"

"எலின்னு சொல்றாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு அவள் கல்லுக்காக அடிக்கவில்லை. கோபித்து அடித்தாள், கெஞ்சி அடித்தாள், கல்யாணத்தன்று அவன் ஆடிய ஆட்டத்தின் தாளத்தில் அடித்தாள். அந்த வருஷங்களின் மாதாக்கள் எல்லோரும் ஒரு பக்கம் காதைச் சாய்த்திருப்பார்கள். ஊர் அதைப் பக்தி என்றது. பதில் வரவில்லை. காதில் விழாதவனிடம் பேசலாம். விழுந்தும் வராதவனிடம் பேசிக்கொண்டிருக்க உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கை நிற்கவில்லை.

பிறகு அங்கிருந்து ஃபர்ருக்கோவின் தம்பி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அங்க ஒருத்தி இருக்கா அக்கா. ரெண்டு பிள்ளைங்க. ராத்திரி முழிச்சிக்கிட்டா உன் சத்தத்துலதான் திரும்பத் தூங்குதுங்க. நீ ஞாயித்துக்கெழம அடிக்கிறதில்லையா, அன்னிக்கு ஒரே அழுகையாம். அன்னிக்கும் கொஞ்சம் அடிக்கச் சொல்லுன்னாரு."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் உளியைத் தொடவில்லை. அவனைத் தண்டிப்பதாகத்தான் நினைத்தாள். ஆனால் விடியும் நேரத்தில் அவள் மனதில் வந்ததெல்லாம், எங்கோ கண் விழித்துக் கிடக்கும் முகம் தெரியாத இரண்டு பிள்ளைகள்தான். அவன் வீட்டுச் சுவருக்குள் அவளுக்கு இருந்ததும் அந்த ஒரு இடம்தான். அதையும் தானே மூடிவிட்டால் பிறகு என்ன இருக்கிறது என்று யோசித்தாள்.

மழை குறைந்ததும் புதுக் கல் இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் அடித்தாள், மெதுவாக, ஒரே சீராக. ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம். பூசை முடிந்து வரும் பாதிரியார் பட்டறைக்கு எதிரே நிற்பார். காதில் எதுவும் விழாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாப்பிடப் போய்விடுவார்.